ஒரு லயமே வாய் மூடிய ஞாயிறு

சில வருடங்களுக்கு முன், டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது.

கொழும்புக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. அம்மாவுக்குக் காலில் ஆபரேஷன் ஆனதால், தோட்டத் தொழிலாளர்களின் ஒட்டு வரிசை வீடுகளான லயத்துக்கே திரும்பி, வீட்டிலிருந்தபடி லேப்டாப்பில் வேலை செய்துகொண்டிருந்தேன். திடீரென்று ஒரு சர்டிபிகேட் பரீட்சை எழுதச் சொன்னார்கள். பக்கம் பக்கமாகக் கோடிங் எழுதாமல், திரையில் இருக்கும் பெட்டிகளை இழுத்துப் பொருத்தியே ஆபீஸ் வேலைகளுக்கு ஆப் செய்கிற முறைக்கான பரீட்சை அது. பாஸானால் அந்தப் பிரிவில், வீட்டிலிருந்தே வேலை. இல்லையென்றால் கொழும்புக்கு வந்துவிட வேண்டும். அப்புறம் அம்மாவை யார் பார்ப்பது?

விழுந்து விழுந்து படித்தேன். பழகிப் பார்க்க, லயத்துப் பைப்பில் யார் எப்போது தண்ணீர் பிடிப்பது என்பதற்கே ஒரு ஆப் செய்தேன். ஒருவரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் பாடம் நன்றாக மண்டையில் ஏறியது.

பரீட்சை வீட்டிலேயே, கேமரா முன்னால். அறையில் வேறு ஆள் தெரிந்தாலோ, குரல் கேட்டாலோ பரீட்சை ரத்து. எங்கள் லயத்திலோ வீடுகளுக்கு நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. இங்கே தும்மினால் அடுத்த வீட்டில் "நூறு ஆயுசு" என்பார்கள். அதனால் எல்லோரும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு அத்தை மட்டும் காய்ச்சலில் படுத்திருந்தது எனக்குத் தெரியாது.

ஒரு கேள்வி புரியாமல், என்னை அறியாமல் வாய்விட்டுப் படித்துவிட்டேன். சுவருக்கு மேலாக உடனே பதில் வந்தது.

"என்னா புள்ள, என்னயவா கூப்புட்ட?"

நான் மூச்சு விடவில்லை. அங்கேதான் வினை. லயத்தில் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் ஏதோ ஆபத்து என்று அர்த்தம். அத்தை போர்வையோடு ஓடி வந்து, கதவைத் தள்ளி, கேமராவுக்கு நேராகவே நின்று, "ஏன் புள்ள பேச மாட்டேங்கிற?" என்றார். அவ்வளவுதான். திரை அணைந்தது.

நான் அழுதேன். விஷயம் தெரிந்ததும் அத்தை என்னைவிட அதிகமாக அழுதார்.

கம்பெனி இன்னும் ஒரே ஒரு தடவை எழுத விட்டது. கிடைத்ததோ ஞாயிற்றுக்கிழமை. லயமே வீட்டில் இருக்கும் நாள். டீவி, கிரிக்கெட், துணி துவைக்கிற சத்தம் எல்லாம் சேர்ந்து காது கிழியும். நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். அத்தை விடவில்லை. முதல் நாளே வீடு வீடாக ஏறி இறங்கினார். ஞாயிறு தவறாமல் சண்டை போடும் கடைசி வீட்டுக்காரர்களிடம், "சண்டைய அந்திக்கு வச்சுக்கங்க, புள்ளைக்கு பரீட்ச" என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. அவர்களும் சரி என்றார்கள்!

மறுநாள் எழுதினேன். அப்படி ஓர் அமைதியை எங்கள் லயத்தில் அதற்கு முன் நான் கேட்டதேயில்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. முடித்ததும் திரையில் முடிவு வந்தது. பாஸ்.

கதவைத் திறந்தேன். பிள்ளைகளை மைதானத்துக்கு விரட்டிவிட்டு, பெரியவர்கள் எல்லோரும் வாசலில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். மடியில் நாயைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தை, சைகையும் குசுகுசுப்புமாகக் கேட்டார்:

"இப்ப பேசலாமா?"

"பேசலாம் அத்த! பாஸாயிட்டேன்!"

அதுவரை அடக்கிய சத்தமெல்லாம் ஒரேயடியாக வெடித்தது. அம்மா நொண்டிக்கொண்டே வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

இப்போது அந்தப் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். "லயத்திலிருந்தா படிச்சீங்க, அவ்வளவு நெருக்கடியிலயா?" என்று சிலர் பாவப்பட்டுக் கேட்பார்கள். எனக்காக ஒரு லயமே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, உங்களுக்கு எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று தலை நிமிர்ந்து திருப்பிக் கேட்பேன்.