ஹெஸ்கல்தா வீட்டுச் சுவர்

படியேறும்போது சேஷாத்ரி கைப்பிடியைத் தொடமாட்டார். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே ஏறுவார். டக், டக், டக். எங்காவது ‘டொப்’ என்று கேட்டால் நின்றுவிடுவார். அந்த இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது என்று அர்த்தம். காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் இரண்டு தட்டுத் தட்டி, “இந்த மழைக்குத் தாங்கும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஏறுவார். மேலே கதவைத் திறந்து வைத்திருக்கும் மாதங்கி, “ஏன்னா, நாடி பாத்தாச்சா? பேஷன்ட் பிழைப்பானா?” என்பாள்.

வங்காளத்தில், ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் கட்டடங்களைப் பார்த்துக்கொண்ட இன்ஸ்பெக்டர். சாந்த்ராகாச்சி குவார்ட்டர்ஸில் எந்த வீட்டுக் கூரை எப்போது ஒழுகத் தொடங்கும் என்று வீட்டுக்காரர்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். ஓய்வு பெற்றதும் லேக் கார்டன்ஸில் லிஃப்ட் வைத்த ஃபிளாட் ஒன்றை மாதங்கி பார்த்து வைத்தாள். அவர் பௌபஜார் சந்தில் தொண்ணூறு வயதுக் கட்டடத்தில் மூன்றாம் மாடியைப் பிடித்தார்.

“புது வீட்டுல உக்காந்துண்டு நான் என்ன பண்ணுவேன்?”

“கொத்தனாரைக் கல்யாணம் பண்ணிண்டிருந்தாக்கூட எனக்கு ஞாயித்துக்கிழமை லீவு கிடைச்சிருக்கும்” என்றாள் மாதங்கி. குடிவந்த ஆறு வருஷத்தில் கட்டடத்தின் பாதிச் சுவர்கள் அவர் கைப்பட்டுவிட்டன.

இரண்டாம் மாடியில் ஹெஸ்கல் தனியாக இருக்கிறார். எண்பத்து நான்கு வயது, பாக்தாதிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பம். வங்காளத்தில் அண்ணா என்றால் ‘தாதா’; அதனால் சேஷாத்ரிக்கு அவர் ‘ஹெஸ்கல்தா’, அவருக்கு இவர் ‘சேஷாத்ரி பாபு’. பேச்சு ஹிந்தியும் வங்காளமும் இங்கிலீஷுமாக ஓடும். ஹெஸ்கல் ஏலக் கம்பெனியில் நாற்பது வருஷம் பொருள்களின் பெயரைக் கூவியவர். அவருடைய ஜனங்கள் லண்டனுக்கும் சிட்னிக்கும் ஹைஃபாவுக்கும் கிளம்பக் கிளம்ப, அவர்கள் வீட்டு பியானோவும் நிலைக்கண்ணாடியும் அவர் முன்னால்தான் வந்து நின்றன. “என் அத்தை கட்டிலை நானே கூவினேன். ‘பர்மா தேக்கு, நல்ல கண்டிஷன்’னு. நான் பொறந்ததே அந்தக் கட்டில்லதான், அதைச் சொல்லலை.”

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஒரு தட்டு ஆலூ மக்காலா மேலே வந்துவிடும். முழு உருளைக்கிழங்கை எண்ணெயில் பொறுமையாகப் பொரித்தது. மேலே முறுகல், உள்ளே வெண்ணெய். முதல் தடவை வந்தபோது மட்டும், “எண்ணெய் புதுசுதானே, தாதா?” என்று மாதங்கி கேட்டாள். இப்போது தட்டு வரத் தாமதமானால் மாடிப்படியை எட்டிப் பார்ப்பாள்.

சனிக்கிழமை மாலைகளில் சேஷாத்ரி கீழே போய் உட்காருவார். அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமை மத்தியானமே இந்தச் சந்து முழுக்க ரொட்டி வாசனை அடித்ததை ஹெஸ்கல் சொல்வார். பனிக்காலத்தில் சாந்த்ராகாச்சி ஏரியில் பறவைகள் இறங்கும் சத்தத்தில் ஷண்டிங் விசில்கூடக் கேட்காது என்பார் சேஷாத்ரி. இரண்டு பேரும் தலையாட்டிக்கொள்வார்கள்.

அந்த வீட்டில் ஒரே ஒரு குறை. வாசற்கதவுக்கு நேர் எதிர்ச்சுவரில் ஒரு சதுரம் பூசாமல் கிடந்தது. செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஹெஸ்கலின் நாற்காலி அதைப் பார்த்தபடிதான் கிடக்கும். கையில் காசில்லாமல் விட்டிருப்பார், கேட்டால் அந்த மனுஷர் கூசிப்போவார் என்று சேஷாத்ரி ஆறு வருஷமும் அதற்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்தார்.

போன மாதம் ஹெஸ்கல் குளியலறையில் வழுக்கி வலது தோளை உடைத்துக்கொண்டார். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியைச் சேஷாத்ரியிடம் கொடுத்துப் போனார். சேஷாத்ரி தொட்டிக்கும் ஊற்றினார், சிமென்டுக்கும் ஊற்றினார். சதுரத்தை மட்டும் அடைத்தால் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியுமே என்று எதிர்ச்சுவர் முழுவதையும் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசினார். மேலே கிரீம் கலர்.

ஹெஸ்கல் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். வாசலிலேயே நின்று சுவரை வெகு நேரம் பார்த்தார்.

“சேஷாத்ரி பாபு, நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப மஷீயா வந்துட்டாரா? ஒரு போன் பண்ணக்கூடாதா?”

சிரித்தார். சிரித்துக்கொண்டே நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார். ஜெருசலேமில் யூதர்களின் கோயில் இடிந்து இரண்டாயிரம் வருஷமாகிறது. தாவீது ராஜா வம்சத்தில் ஒருவர் வருவார், சிதறிப்போன ஜனங்களைச் சேர்ப்பார், கோயில் மறுபடி எழும்பும். அவர்தான் மஷீயா. அதுவரை எந்த வீடும் முழு வீடு இல்லை. அதனால் சுவரில் ஒரு துண்டைப் பூசாமல் விடுவார்கள். இது அவருடைய அப்பா விட்டது.

“கிறிஸ்தவங்க வந்துட்டார்ங்கறாங்க. நாங்க இன்னும் இல்லங்கறோம். முந்நூத்தி அம்பது வருஷம் முன்னாடி துருக்கி தேசத்துல ஒருத்தன் ‘நான்தான்’னு கிளம்பினான். எங்க ஆளுங்க வீட்டை வித்துப் பெட்டி கட்டிட்டாங்க. கடைசியில சுல்தான் மிரட்டினதும் அவன் மதம் மாறிட்டான். அதுலேர்ந்து நாங்க அவசரப்பட்டுப் பெட்டி கட்டறதில்ல. ஆனா சுவரையும் பூசறதில்ல.”

“எனக்குத் தெரியாம…” என்றார் சேஷாத்ரி.

“பிரியத்துல பண்ணினீங்க. விடுங்க. நல்ல வேலை, விரிசல் இல்ல.”

விட்டுவிட்டதாகத் தெரியவில்லை. நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது. எல்லோரும் கிளம்பிப்போன ஊரில் அந்த மனுஷருக்கு மிச்சமிருந்த உறவு அந்தச் செங்கல் ஒன்றுதான், அதையும் மூடியாயிற்று. சனிக்கிழமை சேஷாத்ரி போனால், தோள் வலி என்று சொல்லிச் சீக்கிரமே கண்ணை மூடிக்கொண்டார். சேஷாத்ரி படியேறும்போது தட்டுவதை நிறுத்திவிட்டார்.

“என்ன, சுவரெல்லாம் சௌக்கியமாயிடுத்தா?” என்றாள் மாதங்கி.

“என் சர்வீஸ்ல நன்னா இருக்கற பூச்சை நான் உடைச்சதே இல்ல, மாதங்கி.”

“அவர் அப்பா வச்சிருந்ததை மட்டும் மூடிட்டேளே. உடைக்கறதுக்கு ஆள் வேணும்னா சொல்லுங்கோ, நான் வரேன். எனக்கு உங்க மேல வேண்டிய கோபம் இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை காலை உளி, சுத்தியல், டேப்புடன் இறங்கினார். ஹெஸ்கல் கதவைத் திறந்து, கையிலிருந்ததைப் பார்த்தார். விலகி வழிவிட்டார்.

சுவர் ஒரே சீராக இருந்தது. பழைய சதுரம் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்பதற்கு அடையாளமே இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

“அளவு என்ன, தாதா?”

“ஒரு முழத்துக்கு ஒரு முழம்.”

சேஷாத்ரி டேப்பை இழுத்தார். “பதினெட்டு இன்ச்சா?”

“அதுல எங்க பெரியவங்க இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. அப்பா டேப் வைக்கல. சுவத்துல கையை வச்சார், அம்மா பென்சிலால கோடு போட்டாங்க.” ஹெஸ்கல் தூளியிலிருந்த தன் வலது கையைக் குனிந்து பார்த்தார். “என்னால தூக்க முடியாது.”

சேஷாத்ரி டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். சட்டைக் கையை மடித்து ஏற்றிக்கொண்டு, கிரீம் கலர் சுவரில் முழங்கையை ஊன்றி, விரல்களை நீட்டிப் படியவைத்தார். ஹெஸ்கல் இடது கையில் பென்சிலை எடுத்துக்கொண்டு முழங்கையிலிருந்து கோடு போட ஆரம்பித்தார். கோடு நெளிந்து நெளிந்து போயிற்று. அது நடுவிரல் நுனிக்கு வந்துசேரும்வரை சேஷாத்ரி கையை அசைக்கவில்லை.