டாக்டர் மீது புகாரா? டாக்டரிடமே சொல்லுங்கள்!

காரவள்ளி மலையடிவாரத்து டிஸ்பென்சரிக்குச் சில மாதங்களுக்கு முன் ஓர் இருமலோடு போயிருந்தேன். சுவரில் ஒரு போர்டு: 'குறைகள் இருந்தால் டாக்டரிடம் நேரில் தெரிவிக்கவும்.' எவ்வளவு தாராளம்! எங்கள் குறையோ ஒன்றே ஒன்றுதான் — டாக்டர் இல்லை.

எனக்கு முன்னால், மலைமேலுள்ள வாழவந்தி நாட்டுக் குடியானவர் செல்லப்பன் நின்றிருந்தார். மலேரியா முறைக்காய்ச்சல் கண்ட மனைவி பாவாயியைத் தூளி கட்டி மலையிறக்கிக் கொண்டுவந்திருந்தார். கம்பளிக்குள் அந்த அம்மாளின் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

"டாக்டர் எங்கே?" என்று கம்பவுண்டரைக் கேட்டேன்.

"டவுனுக்குப் போயிருக்காருங்க."

"இந்த அம்மாளுக்குக் கொயினா மாத்திரையாவது கொடுங்கள்."

"யுத்தமுங்க! கொயினா பூராவும் பட்டாளத்துக்குப் போவுது. இந்தாங்க, மிக்ஸ்சர்."

காய்ச்சலுக்கும் அதே சிவப்பு மிக்ஸ்சர், என் இருமலுக்கும் அதே. சமத்துவம் என்றால் இதுவல்லவா?

"இதை யாரிடம் புகார் செய்வது?"

போர்டைக் காட்டினார். "டாக்டரு வந்ததும் அவருகிட்டயே சொல்லுங்க."

படித்தவன் சும்மா இருக்கலாமா? அன்றே ஜில்லா போர்டுக்கு இங்கிலீஷில் ஒரு மனு. பதிலும் வந்தது! 'தங்கள் மனு, தக்க விசாரணைக்காகச் சம்பந்தப்பட்ட டாக்டருக்கே அனுப்பப்பட்டுள்ளது.' டாக்டர் தம்மைத் தாமே தீர விசாரித்தார். குற்றம் ஏதுமில்லை என்று தமக்கே திருப்தி ஏற்பட்டதாக எழுதினார். நோயாளிகள்தான் அவர் இல்லாத வேளை பார்த்து வருகிறார்களாம்...

மலையில் புகாருக்கு வேறு முறை. ஒருவர்மேல் வழக்கு என்றால், அவர் எதிரே வந்து நின்று பதில் சொல்லும்வரை அவரிடத்தில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். அங்கே அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. செல்லப்பன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து டாக்டர்மேல் வழக்குச் சொன்னார். முடிந்தது — ஊரில் ஒருவரும் டிஸ்பென்சரிப் படி மிதிப்பதில்லை, மருந்தும் தொடுவதில்லை.

டாக்டர் வெட்கித் தலைகுனிந்தாரா? நோயாளிகள் ஒழிந்தார்கள் என்று நிம்மதியாக இருந்தார். கம்பவுண்டர் பெஞ்சில் படுத்துத் தூங்கினார். தணிக்கைக்கு வந்த அதிகாரியோ, மலையில் சுகாதாரம் அபாரமாக முன்னேறிவிட்டது என்று டாக்டரின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்!

பாவாயிக்கு மட்டும் ஒன்றுவிட்டு ஒருநாள் குளிர் வந்துகொண்டிருந்தது. பொறுக்காமல் மலையேறினேன். கட்டுப்பாட்டை விட்டுவிடச் சொல்லி மூச்சுவாங்கப் பேசினேன்.

"ஊரு சொல்லு ஊரு சொல்லுதானுங்க, சாமி," என்றார் செல்லப்பன். கண்கள் மனைவி மேலேயே இருந்தன.

"மருந்து இல்லாவிட்டால் இவர் பிழைக்கமாட்டார், ஐயா!"

கம்பளிக்குள்ளிருந்து பாவாயி பேசினார். "ஏனுங்க, அவரு ஊட்டுத் தண்ணிதானே ஆகாது? நம்ம தண்ணியக் கொண்டுபோயி அவரு வாசல்ல உக்காந்தாத் தப்புங்களா? நான் இங்க கெடந்து செத்தா அவருக்கு எப்படித் தெரியுமாம்?"

ஊருக்கும் அது சரியென்று பட்டது; மறுநாளே இறங்கினோம். டிஸ்பென்சரிக்கு அல்ல, அதன் பின்னாலிருந்த டாக்டரின் குவார்ட்டர்ஸுக்கு. சுரைக்குடுக்கைத் தண்ணீர், களியுருண்டை சகிதம் ஊரே வாசலை அடைத்து உட்கார்ந்தது. "டாக்டரு டவுனுக்குப் போயிருக்காருங்க," என்றார் ஓடிவந்த கம்பவுண்டர், பழக்க தோஷத்தில்.

கதவைத் திறந்த டாக்டரின் மனைவி பாவாயியின் நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, ஒரு தம்ளர் வெந்நீர் கொண்டுவந்து நீட்டினார்.

"வேண்டாமுங்க, அம்மணி. உங்க ஊட்டுக்காரரு பதில் சொல்ற மட்டும் ஆகாதுங்க," என்றார் பாவாயி.

அந்த அம்மாள் தம்ளரை வாசற்படியில் வைத்தார். பிறகு உள்ளே திரும்பினார். குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "டவுனுக்குப் போனது போதும், எந்திரிங்க! அலமாரிச் சாவி எங்கே? நானே எடுத்துக் குடுக்கட்டுமா?"

டாக்டர் வந்தார் — பனியனோடு, கலைந்த தலையோடு. ஊருக்கு எதிரே நின்றார். "நாளையிலிருந்து காலையிலே இருப்பேன்," என்று முணுமுணுத்தார். செல்லப்பன் ஊரைப் பார்த்தார். ஊர் தலையாட்டியது. வழக்கு தீர்ந்தது.

அலமாரியிலிருந்து கொயினா வந்தது. யுத்தம் அந்த அலமாரியை எட்டவேயில்லை போலும்! பாவாயி அந்த வீட்டு வெந்நீரையே வாங்கி மாத்திரையை விழுங்கினார். இப்போது குளிர் விட்டு, காட்டில் களையெடுக்கிறாராம்.

மனு எழுதத் துடிக்கும் அன்பர்களே... டாக்டருக்கு மேலே யார் என்று தேடி அலையாதீர்கள்; டாக்டர் வீட்டுக்குள்ளே யார் என்று விசாரியுங்கள்!