துவைகல்லுக்கு அடியில் இருந்த சேவல்

மண்ணூர் கோவிந்தம்மா எனக்குப் பக்கத்து வீடு. ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் இரண்டு பேருக்கும் ஹவுஸ்கீப்பிங் வேலை. பொழுதெல்லாம் ஊரார் அழுக்கு, வீட்டுக்கு வந்தால் குளத்தங்கரைத் துவைகல்லில் சொந்த அழுக்கு. புருஷன் ரத்தினம் செத்த அன்று கட்டியிருந்த வேட்டியையும் அவள் அந்தக் கல்லில்தான் துவைத்தாள்.

ரத்தினம் சேவல் சண்டைக்காரர். காலில் கத்தி கட்டிய சேவல் துள்ளி அவர் தொடையிலேயே வெட்டிவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. ஆனால் அவர் சேவல் ஜெயித்திருந்தது. தோற்றுச் செத்த சேவலுக்குக் கோச்சை என்று பெயர். அது ஜெயித்தவர் வீட்டுக் குழம்புக்கு. முறை தவறக் கூடாதாம், பிணத்தோடு கோச்சையையும் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்கள். நாசமாய்ப் போன முறை.

போன மாதம் ரோடு வேலைக்கு வந்த ஜேசிபி அந்தத் துவைகல்லைப் புரட்டிப் போட்டது. அடிப்பக்கம் ஒரு சேவல் உருவம், மேலே பழைய எழுத்து. தொல்லியல்காரர்கள் வந்து படித்தார்கள். இந்த ஊருக்காகச் சண்டை போட்டுச் செத்த கோழிக்கு நட்ட கல்லாம், அந்தக் காலத்துச் சேவல் சண்டைக்கு நல்ல சாட்சியாம். ஊர் ஆம்பளைகளுக்குக் கேட்க வேண்டுமா? கல்லுக்கு மாலை போட்டு, ஞாயிற்றுக்கிழமை அதன் முன்னாலேயே கத்திக்கட்டுச் சண்டை என்று முடிவு செய்தார்கள். முதல் சேவல் கோவிந்தம்மா மகன் பிரசன்னாவுடையது.

அப்பன் கத்தியை அவன் தீட்டிக்கொண்டிருந்தபோது நானும் அங்கே இருந்தேன். டபுள் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த கோவிந்தம்மாவுக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை.

"கோழி செத்ததுக்குக் கல்லு வெச்சிக்கிறாங்க. உங்கப்பன் செத்ததுக்கு இன்னாடா வெச்சாங்க?"

"நம்ம சேவல் ஜெயிக்கும்மா."

"அன்னிக்கும்தான் ஜெயிச்சுது. கோச்சைய எட்தாந்து குடுப்பானுங்க. உன்னைய யார்ரா குடுப்பா?"

அவன் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனியில் ஓவர்டைம் போட்டிருந்தார்கள். விடிகாலையில் கம்பெனி வேனுக்கு நின்றோம். வீட்டில் இருந்து தடுக்கக்கூட லீவு இல்லாத பிழைப்பு. வேன் வந்து நின்றபோது பிரசன்னா ஓடிவந்தான். கக்கத்தில் சேவல், காலில் கத்தி இல்லை. அதை அவள் கையில் கொடுத்தான்.

"உசுரோட கீது. வெச்சிக்கோ."

அவள் அப்போதுதான் அழுதாள். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.