ஸெய்னுலாப்தீன் மாஸ்டர் சுகம் விசாரிக்கப் போனது

கண்டியில் ஸெய்னுலாப்தீன் மாஸ்டரைத் தெரியாதவர்கள் இருந்தால், அவர்கள் இன்னும் எந்தச் சாவு வீட்டுக்கும் போகாதவர்களாக இருக்க வேண்டும். ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர் அவர். ஆனால் படிப்பித்து வாங்கிய பெயரைவிடச் செத்தவர்களைப் பற்றிப் பேசி வாங்கிய பெயர்தான் பெரிது.

கல்லூரியில் தன்னோடு ஒரே வகுப்பில் படித்தவர்களை அவர் கிழவரான பிறகும் விட்டதில்லை. பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்புவார். பிள்ளைகளின் கலியாணத்தில் முன்வரிசைக் கதிரையில் இருப்பார். ஒருவர் கண்ணை மூடினாலோ, கறுப்புக் கோட்டையும் சிவப்புத் துருக்கித் தொப்பியையும் மாட்டிக்கொண்டு முதல் ஆளாய்ப் போய் நிற்பார். சுடலையானாலும் கல்லறையானாலும் அவர் பேசாமல் காரியம் முடியாது. “நாம் ஒரு மாணிக்கத்தை இழந்துவிட்டோம்” என்று தொடங்குவார். பிலிமத்தலாவையில் கடை வைத்திருந்த காளிமுத்துவும் மாணிக்கம், கோப்பி குடிக்கக்கூடச் சோம்பல்பட்ட பெர்னாந்துவும் மாணிக்கம். பேச்சு ஒன்றுதான், பெயர் மட்டும் மாறும். அழுகிற வேலையை வீட்டாரிடம் விட்டுவிடுவார். எங்கே மூச்சை இழுப்பது, எந்த இடத்தில் கையை உயர்த்துவது என்பதிலேயே அவர் கவனம் போய்விடும். முடித்ததும், யார் யார் கண்ணைத் துடைக்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் ஒரு பார்வை வேறு.

இப்படிப் பேசிப் பேசி வகுப்பையே கரையேற்றிவிட்டார். மிஞ்சியது ராஜலிங்கம் ஒருவர்தான். பல்லேகலத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து, ஓய்வுக்குப் பிறகு அங்கேயே ரோட்டோரமாக வீடு கட்டிக்கொண்டவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் ஆண்டுத் தொடக்கத்தில் மலேரியா வீடுவீடாக ஆளைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, ராஜலிங்கமும் படுத்துவிட்டார் என்று செய்தி வந்தது. அவனும் போய்விட்டால், மாஸ்டரை ‘டேய்’ என்று கூப்பிட இந்த உலகத்தில் ஆளே இருக்காது.

அன்றைக்கே புறப்பட்டார்.

“அந்தக் கோட்டப் போட்டுட்டா போகப் போறீங்க?” என்று கேட்டாள் மனைவி றலியா.

“இதுதானே புள்ள எனக்கிட்ட இரிக்கிற நல்ல கோட்டு.”

தெல்தெனிய பஸ்ஸில் கண்டக்டர் எழுந்து இடம் கொடுத்து, “யாரு மாஸ்டர் போயிட்டாங்க?” என்று தாழ்ந்த குரலில் கேட்டான். மாஸ்டர் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

ராஜலிங்கத்தின் மனைவி பாலம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டாள். கோட்டைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

“ஐயா தூங்குறாருங்க மாஸ்டர். இன்னொரு நாளைக்கு வாங்க.”

“மொகத்த மட்டும் பாத்துட்டுப் போறன் தங்கச்சி.”

“அவருக்கு ஒண்ணுமில்லைங்க. ஒண்ணும் ஆவாதுங்க. நீங்க போயிட்டு வாங்க.”

உள்ளே ராஜலிங்கம் இருமுவது கேட்டது. கதவு சாத்தப்பட்டது.

வீட்டுக்கு வந்து பொருமியவரைப் பார்த்து றலியா சிரித்துவிட்டாள். “அந்தப் பொம்புள என்ன செய்யும்? நீங்க வாசல்ல போய் நின்டா மௌத்து வீடுன்டுதானே ஊரே நெனைக்கும்? நீங்க பேசாத ஆக்கள்தான் இன்னும் உசிரோட இரிக்காங்க.”

மாஸ்டர் ஆடிப்போனார். தன்னைக் கண்டதும் நோயாளிகள் பதறி எழுந்து உட்கார்ந்ததெல்லாம் பாசத்தால் என்றல்லவா இத்தனை காலமும் நினைத்திருந்தார்! நாவன்மை, நாவன்மை என்று தலைக்கனத்தோடு திரிந்தவருக்கு, ஊர் கொடுத்த உத்தியோகம் சாவுக்குக் குறி சொல்லும் காகத்தின் உத்தியோகம் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

அடுத்த முறை கோட்டை அலுமாரியில் பூட்டிவிட்டு, வீட்டுச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாக, ஒரு பை தோடம்பழத்தோடு போனார். கண்டக்டர் அடையாளம் தெரியாமல் வழி முழுக்க நிற்க வைத்தான். பாலம்மாவோ, “பழம் வேணாம், போங்க” என்றாள்.

“நான்தான் தங்கச்சி. ஆண்டவன் மேல ஆண, பேச வரல்ல.”

அவள் தயங்கினாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. “அந்த ஸெய்னுவ உள்ள விடு பாலம்மா! நான் பொழச்சாலும் பேசாம போகமாட்டான் அவன்.”

ராஜலிங்கம் எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தார். கண்ணில் மட்டும் பழைய குறும்பு இருந்தது.

“எனக்குன்னு ஒரு பேச்சு வச்சிருக்கியே, அதச் சொல்லு பாப்போம். அன்னைக்கு என்னால கேக்க முடியாதுல்ல.”

“சும்மா இரிடா.”

“மாணிக்கம்னு ஆரம்பிச்சே, எந்திரிச்சு வந்து ஒதப்பேன். நம்ம வகுப்புல கணக்குல பாசானவன் ஒருத்தன் உண்டா? அத்தனை பேரும் மாணிக்கமா?”

மாஸ்டர் சிரித்துக்கொண்டே எழுந்தார். பழக்கதோஷம், கை தானாக உயர்ந்தது. “நாம்...” என்றார். அதற்கு மேல் வரவில்லை. மூச்சு எங்கே இழுப்பது என்று தெரியவில்லை. எத்தனையோ பேருக்கு மடை திறந்தாற்போல் பேசிய வாய், இந்த ஒருவனுக்கு ஒரு சொல்லும் இல்லாமல் நின்றது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“ஒனக்கு யாருடா பேசுவா?” என்றார் ராஜலிங்கம்.

“எங்களுக்கு அந்த வழக்கமில்ல. குளிப்பாட்டி, தொழுது, உடனே அடக்கிருவாங்க. நம்மட வகுப்பு மஹ்மூதுக்குப் பாத்தாய்தானே? நீ பஸ் புடிச்சு வாறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு.”

“அப்போ ஒனக்கு இப்பவே பேசிட வேண்டியதுதான். பாலம்மா, தலவாணிய ஒசத்து.”

பாலம்மா வாயைத் திறக்குமுன் ராஜலிங்கம் கையை உயர்த்திவிட்டார், அசல் மாஸ்டர் போலவே.

“நண்பர்களே! இந்த ஸெய்னு ஒரு வாயாடி. சொன்னதையே சொல்லுவான். மூக்குக்குள்ள பேசுவான். ஆனா நம்மள்ல ஒருத்தன் போறப்ப, கடைசி வரைக்கும் கூட நின்னவன் இவன்தான். இவன் வருவான்கிற தைரியத்துலதான் அவனவன் நிம்மதியா கண்ண மூடினான். அதுக்காகத்தான் இந்தப் பேச்சையெல்லாம் பொறுத்துக்கிட்டோம்.”

மாஸ்டர் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். வகுப்பில் அத்தனை பேருக்கும் சேர்த்து வைத்திருந்த அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

“அழுவாதடா,” என்றார் ராஜலிங்கம். “நான் இன்னும் முடிக்கல.”