என் பெயருக்குக் குரல் கொடுத்தவன்

நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். பாலாரட் தங்க வயலில் இதைக் கேட்டுச் சிரித்தவர்களைவிட, பேசாமல் எழுந்து போனவர்கள்தான் அதிகம். பட்டவன் நான். என் காதில் விழுந்ததை இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

நாங்கள் தங்கம் தேடிச் சீனாவிலிருந்து கப்பலேறிய வருடம், மெல்போர்னில் இறங்கும் சீனர்களுக்கு மட்டும் தலைவரி போட்டிருந்தார்கள். அதனால் கப்பல்காரன் எங்களை அந்த வரி இல்லாத பக்கத்து மாகாணத்தில், ரோப் கடற்கரையில் இறக்கிவிட்டான். அங்கிருந்து தங்க வயல் வரை நடைதான். இறங்கும்போதே சகுனம் சரியில்லை. எங்களுக்கு முன்னால் போன படகு அலையில் கவிழ்ந்தது. பக்கத்து ஊர் கியூ சாமும் அவன் ஆட்களும்... ஒருவரும் கரையேறவில்லை.

எங்கள் ஊர்க்காரர்கள் முப்பது பேர் ஒற்றை வரிசையில் நடந்தோம். தோளில் காவுதடி, இரு முனையிலும் கூடை. வழியில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஒவ்வொரு வளைவிலும் முன்னால் போகும் எங்கள் தலைவர், தாம் என்பவர், தன் பெயரைச் சொல்லிக் கத்துவார். அடுத்தவன் தன் பெயரைச் சொல்வான். அப்படியே வால் வரைக்கும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் வரிசை நின்றுவிடும். ஆளைத் தேடாமல் நகராது.

வாலில் நான், லோக். எனக்கு முன்னால் ஹோங், என் பெரியப்பா மகன். ஒரே சட்டிச் சோறு தின்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

எட்டாம் நாள் காய்ச்சல் என்னைத் தள்ளியது. எழுந்து நடக்க முடியவில்லை. ஹோங் என்னை ஒரு மரத்தடியில் சாய்த்து உட்கார வைத்தான்.

"அண்ணே, தாம்கிட்ட சொல்லி வரிசையை நிறுத்தச் சொல்லு."

"சொல்றேன்டா. உன் சுரைக்குடுவையக் குடு, தண்ணி புடிச்சிட்டு வரேன். உன்னை விட்டுட்டா போயிருவேன்?"

போகும்போது என் அரிசி மூட்டையையும் தன் கூடையில் வைத்துக்கொண்டான். என் சுமையைக் குறைக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

சற்று நேரத்தில் தூரத்து வளைவிலிருந்து கூப்பாடு கேட்டது. பெயர் பெயராக வந்தது. "ஹோங்!" என்றது அண்ணன் குரல். அடுத்து என் பெயர் வராது, வரிசை நிற்கும், ஆள் வரும் என்று காத்திருந்தேன்.

"லோக்!"

அதே தொண்டை. கொஞ்சம் மெலிந்து, என்னைப் போலவே...

வரிசை நகர்ந்துவிட்டது. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான். ஒரு மூட்டை அரிசிக்காகவா? தங்கத்துக்கு ஒரு நாள் முந்திப் போகவா? காய்ச்சலைவிட அதுதான் என்னைச் சுட்டது. வாய்விட்டு அழுதேன்.

பொழுது சாயும் நேரம் மூடுபனி இறங்கியது.

கிரீச்... கிரீச்...

காவுதடிச் சத்தம்! பனிக்குள் ஒற்றை வரிசை. திரும்பி வந்துவிட்டார்கள்! தடுமாறி எழுந்து வாலில் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

கொஞ்சம் நடந்த பிறகுதான் உறைத்தது. தடிச் சத்தம் கேட்கிறது. காலடிச் சத்தம் இல்லை.

கூடைகளிலிருந்து நீர் சொட்டியது. சொட்... சொட்... அன்று மழையே இல்லை.

முன்னால் கூப்பாடு கிளம்பியது.

"கியூ சாம்!"

அலையில் கவிழ்ந்த படகில் போனவன். பெயர்கள் ஒவ்வொன்றாக என்னை நோக்கி வந்தன. எனக்கு முன்னால் இருந்தவனும் சொல்லிவிட்டான்.

வரிசை நின்றது.

எல்லோரும் திரும்பினார்கள்...

காத்திருந்தார்கள்...

என் வாய் தானாகத் திறந்தது...

"லோக்!"

நான் சொல்லவில்லை.

குரல் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அண்ணன் குரல்.

ஈரமாக ஏதோ ஒன்று என் தோளை உரசிக்கொண்டு முன்னே போனது. கிரீச்... வரிசை நகர்ந்தது. அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை.

காலையில் ஆடு மேய்க்கும் வெள்ளைக்காரன் ஒருவன் என்னைத் தன் வண்டியில் ஏற்றி எங்கள் கூட்டத்திடம் சேர்த்தான். என்னைக் கண்டதும் தாம் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே போட்டார்.

"எங்கடா போன? நேத்து பொழுது சாய, கடைசி வளைவுல உன் பேரு வந்துச்சே! ஹோங் பேருதான் வரல. நின்னு தேடுனோம்."

"அண்ணன் எங்கே?"

"ஆளக் காணோம். அவன் கூடை மட்டும் பாதையில கெடந்துச்சு. பக்கத்துல இது." என் சுரைக்குடுவையை நீட்டினார். கழுத்து வரை தண்ணீர் இருந்தது. "உனக்குன்னு நிரப்பி வெச்சிருக்கான் பாரு. பாசக்காரப் பய."

என் மனம் இளகிவிட்டது. அவசரப்பட்டுத் திட்டிவிட்டோமே என்று கண் கலங்கியது. குடுவையைத் தூக்கி ஒரு வாய் குடித்தேன்.

அப்படியே துப்பினேன்.

உப்பு. சுத்தமான கடல் தண்ணீர். கடல் எங்களுக்குப் பின்னால் எட்டு நாள் நடையில் இருந்தது.