பியானோவை விடச் சொன்ன அந்தோணி மாமா

தோழிகளுக்கு,

பியானோ வகுப்பை இன்னியோட நிறுத்திக்கறேன்னு டீச்சர்கிட்ட சொல்லத்தான் காலையில சேலம் பஸ் ஏறினேன். ஒன்பது வருஷம் படிச்சும் இடது கை இன்னும் தடுமாறுது. எத்தனை நாள்தான் என்னையே ஏமாத்திக்கறது?

யுத்தத்துல பெட்ரோல் கிடைக்காம கரியில ஓடற பஸ்ஸாச்சே, ராசிபுரம் தாண்டினதும் மேட்டுல நின்னுபோச்சு. எல்லாரும் இறங்கினோம். எதிர்வீட்டு அந்தோணி மாமாவும் இறங்கினார்.

"ஏஞ்சாமி, அந்தப் பியானோவை விட்டுப்போடு. பொழுதுக்கும் ஒரே சத்தம். ஊட்டுல உக்கார முடியல"ன்னார், அத்தனை பேர் முன்னாடி.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

எங்க வீட்டுல ஏது பியானோ? அது இருக்கறது சேலத்துல, டீச்சர் வீட்டுல. நான் வீட்டுல பழகறது ஒரு பலகையில. பியானோ கட்டைகளை அதுல மசியால வரைஞ்சு வெச்சிருக்கேன், அவ்வளவுதான். எங்கம்மாவே நான் வாசிச்சு ஒரு நாளும் கேட்டதில்லை.

"எந்தச் சத்தம் மாமா?"ன்னு கேட்டேன்.

"எல்லாச் சத்தமுந்தான்"னார்.

டீச்சர்கிட்ட நிறுத்தற பேச்சையே நான் எடுக்கலை. அடுத்த பாடத்தை வாங்கிட்டு வந்துட்டேன்.

இந்தக் கார்டைப் படிச்சுட்டு அடுத்தவளுக்கு அனுப்புங்கடி. உங்கள்ல யாருக்காச்சும் என் பலகைச் சத்தம் கேட்டிருந்தா, மறக்காம எழுதுங்க.