அத்தனை பேரும் எனக்குத்தான் போட்டார்களாம்

ஐம்பதுகளின் கடைசியில், சாரல் தொடங்கியிருந்த ஒரு வாரத்தில் எங்கள் ஊரில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் உள்ள சிற்றூர். அப்போது நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். எங்கள் வார்டில் இரண்டே பேர் நின்றோம். ஒருவன் நான், மற்றவர் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர்.

குற்றாலத்தில் சீசனுக்கு அறைகளை வாடகைக்கு விடுகிறவர் அவர். மாமனார் வீட்டுப் பந்தியில் முதல் இலை அவருக்குத்தான். நான் எழுதிய செய்தி அச்சில் வந்தால், மாமனார் அந்தத் தாளை மடியில் விரித்தபடியே அவரிடம் அருவியில் தண்ணீர் எப்படி என்று விசாரிப்பார். அவர் சிரித்தால் என் பிள்ளைகளும் சேர்ந்து சிரிப்பார்கள். எனக்கு அவர் ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல். அவர் நிற்கிறார் என்று தெரிந்த மறுநாள் நானும் மனு கொடுத்தேன்.

அந்தக் காலத்தில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி. மறைப்புக்குப் பின்னால் போய், பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். மத்தியானம் மழை வலுத்தது. எல்லாரும் பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஒதுங்கினோம். கொஞ்ச நேரம் பெட்டிகளின் பக்கத்தில் யாரும் இல்லை.

எண்ணும்போது பார்த்தேன். என் பெட்டியின் அரக்கு முத்திரை மட்டும் அப்போதுதான் வைத்ததுபோல் பளபளத்தது. சகலையின் பெட்டியைக் கவிழ்த்ததும் ஒரு கொத்துச் சீட்டு வெற்றிலைச் சுருள்போல ஒன்றாகச் சுருண்டு விழுந்தது. அந்தச் சுருள் என் பெட்டியில் கிடந்திருந்தால் ஜெயித்திருப்பவன் நான். அதிகாரியிடம் சொன்னேன். பெட்டிக்குள் கிடந்தால் அது ஓட்டு, ஆட்சேபம் இருந்தால் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்.

சகலை கழுத்தில் மாலையோடு நேரே என் வீட்டுக்குத்தான் வந்தார். என் மனைவி அவருக்கு வெள்ளி டம்ளரில் காபி கொண்டுவந்தாள். அப்படி ஒரு டம்ளர் எங்கள் வீட்டில் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் தென்காசியில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அரக்கு பளபளத்தது என்பதெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்றார். என் பெட்டியில் இருந்த சீட்டுகளைவிடக் கூடுதலான பேர் எனக்குப் போட்டதாகக் கூண்டில் ஏறிச் சொன்னால், சீட்டு இடம் மாறியதாக வாதாடலாமாம்.

வீடு வீடாகப் போனேன். இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. சகலையிடம் வேலை பார்க்கும், அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்க்கிறவர்கூட "ஒமக்குத்தான் அண்ணாச்சி" என்றார். சகலையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒனக்குத்தான்யா போட்டேன். எம் புள்ளகிட்ட சொல்லிராத."

ஊரே என் பக்கம் இருந்திருக்கிறது. அவருக்குக் கிடைத்த மாலையும் சிரிப்பும் காபியும் என்னிடமிருந்து திருடியவை என்றே தோன்றியது.

வக்கீலிடம் பேர் பேராகச் சொன்னேன். விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"அன்னைக்கு ஓட்டுப் போட வந்ததே இத்தனை பேரு இல்லையேவே. இந்தக் கணக்குக்கு ஒம்ம சகலைகூட ஒமக்குத்தான் போட்டிருக்கணும்."

குமாஸ்தா தலையைக் குனிந்து சிரித்தார். முகதாட்சண்யத்துக்குச் சொன்னவர்களில் நாலு பேரை எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்தால், நிஜமாகவே போட்டவர்கள் சாட்சியும் சேர்ந்து போய்விடும் என்று வக்கீல் விளக்கினார். பிறகு கொஞ்சம் யோசித்து, முதல் சாட்சியாக உறுதியான ஆள் ஒருவர் வேண்டும், உங்கள் வீட்டு அம்மாவையே கூட்டிவாருங்கள் என்றார்.

என் மனைவியிடம் மட்டும் நான் கேட்டிருக்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

வீட்டுக்குப் போனபோது சாரலில் காயாத துணிகளை அடுப்புக்கு மேலே கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"வாரேன். ஆனா அங்கன சத்தியம் பண்ணச் சொல்லுவாங்கள்லா? பண்ணிட்டா உள்ளதத்தான் சொல்லுவேன்."

"உள்ளது என்ன?" என்றேன்.

அவள் திரும்பவில்லை. ஒரு துண்டை உதறிப் போட்டாள்.

"ஊர்ல எல்லாரும் சொன்ன மாதிரி சொல்லணுமா, கோர்ட்ல சொல்லுத மாதிரி சொல்லணுமா?"

அதற்குப் பிறகு வக்கீல் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. வழக்குப் போடுவதற்கான கெடு அப்படியே கடந்துபோயிற்று. அவளும் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த அரக்கை யாரோ உடைத்துத்தான் திரும்ப வைத்தார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனாலும் சகலையின் பதவிமேல் இருந்த பொறாமை சில வருடங்களில் ஆறிவிட்டது. அவருக்கு விழுந்திருக்குமோ என்று நான் சந்தேகப்படுகிற ஒரே ஒரு ஓட்டின்மேல் மட்டும் அது இன்னும் இருக்கிறது. அதை மறுபடி எண்ணச் சொல்லிக் கேட்க எனக்கு எந்தக் கோர்ட்டும் கிடையாது.